பக்கவாதம் வந்த கைக்கு என்ன வாங்குவது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்துவிட்டால், அவர் மருத்துவமனையிலிருந்து திரும்புவதற்குள் கட்டிலுக்கு ஒரு மஞ்சள் ஸ்மைலி பந்து வந்து சேர்ந்துவிடும். பார்க்க வருகிறவர்களில் யாரோ ஒருவர் வாங்கி வருவார், "இதை அமுக்கிக்கிட்டே இருங்க ஆச்சி, கை தன்னால வந்துரும்" என்று கையில் திணித்துவிட்டுப் போவார். அப்புறம் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளை ஒரு பெட்டி அனுப்புவார், உள்ளே காற்றடித்து விரலை மடக்கி நீட்டும் ரோபோ கையுறை. இதற்கிடையில் கிணற்றுக் கப்பியைக் கழற்றி வாசல் நிலையில் மாட்டி, கயிறு கட்டி, கையைத் தூக்க வைப்பார்கள். எல்லாம் அக்கறையில் செய்வதுதான். ஆனால் அந்தக் கைக்கு இப்போது எது வருகிறது, எது வரவில்லை என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தவர் அந்த வீட்டில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்.

பந்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகு அசைவு திரும்பத் தொடங்கும் பெரும்பாலான கைகளில் மூடுவதுதான் முதலில் வரும். விரிப்பது பின்னால்தான் வரும், சிலருக்கு வராமலே போகும். காரணம் மூளையில் இருக்கிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் முக்கிய நரம்புப் பாதைதான் விரல்களைத் தனித்தனியாக, நுணுக்கமாக அசைக்க வைப்பது. அது அடிபட்டதும், மூளைத்தண்டிலிருந்து வரும் வேறு பழைய பாதைகள் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு நுணுக்கம் தெரியாது, மடக்கும் தசைகளோடுதான் ஒட்டுதல் அதிகம். அதனால்தான் முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், கை மார்போடு ஒட்டிக்கொள்கிறது. சிலருக்குக் கொட்டாவி விட்டால்கூட அந்தக் கை தானாக அசையும், பார்த்திருப்பீர்கள். இப்படி ஏற்கெனவே மடங்கிக்கொண்டிருக்கும் கைக்குப் பந்தைக் கொடுத்தால், அதற்கு வருவதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான். பந்து அமுக்கினால் இறுக்கம் கூடிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது சரியில்லை; வலுப் பயிற்சி இறுக்கத்தைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பிடி நிஜமாகவே பலவீனமாக இருந்து, விரல்களும் விரியும் என்றால் பந்துக்கு ஓர் இடம் உண்டு. மற்றவர்களுக்கு அது பிடித்த பந்தைக் கீழே விடுவதற்கான பயிற்சியாக இருந்தால் நல்லது. "அமுக்குங்க" என்று சொல்வதற்குப் பதிலாக "பிடிங்க, இப்போ விடுங்க, இன்னும் விரிச்சு விடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், கஷ்டம் எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கால் சீக்கிரம் வருகிறது, கை ஏன் வரவில்லை என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். நடப்பதற்குக் காலின் பெரிய தசைகள் ஓரளவு வந்தாலே போதும், இழுத்து இழுத்தாவது நடந்துவிடலாம். கைக்கு அப்படியில்லை. 1930களில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், மூளையைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைகளின்போது மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைபடம் போட்டார். அதில் கைக்கும் முகத்துக்கும் மட்டும் மற்ற உறுப்புகளைவிட ரொம்பப் பெரிய இடம். போதாததற்கு, பக்கவாதத்தில் அதிகமாக அடைபடும் நடுப் பெருமூளைத் தமனி ரத்தம் கொடுப்பதும் அந்த இடத்துக்குத்தான்.

கை எவ்வளவு திரும்பும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்த இரண்டாம் நாளே விரல்களைக் கொஞ்சமாவது நீட்டவும் தோளைக் கொஞ்சமாவது பக்கவாட்டில் தூக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கையில் ஓரளவு திறமை திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டுமே முடியாதவர்களுக்கு 25 சதவீதம். பிடியின் பலத்தை வைத்து இதைச் சொல்லவில்லை பாருங்கள், விரல் நீள்வதை வைத்துத்தான் சொல்கிறார்கள். 25 என்பதும் பூஜ்யம் இல்லை, அதனால் நாட்டு வைத்தியர் சொன்னார் என்று புறா ரத்தம் தேடிப் போகும் அளவுக்கு மனசு விட வேண்டாம். (இன்னும் அது நடக்கிறது. புறா ரத்தத்தைத் தேய்த்தால் நரம்பு உயிர்க்கும் என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. அதற்கு அலைகிற வாரங்கள்தான் மூளை அதிகமாகக் கற்றுக்கொள்ளும் வாரங்கள் என்பது பெரிய கொடுமை.) 2021இல் அமெரிக்காவில் 72 பேரை வைத்து வெளியான ஆய்வு ஒன்று, வழக்கமான சிகிச்சையோடு இருபது மணி நேரக் கூடுதல் கைப்பயிற்சியை எப்போது கொடுத்தால் பலன் அதிகம் என்று பார்த்தது. பக்கவாதம் வந்து இரண்டு மூன்று மாதம் ஆனபோது கொடுத்தவர்களுக்குத்தான் அதிகப் பலன், ஆறு மாதம் தாண்டியவர்களுக்குக் குறிப்பிடும்படி இல்லை. அதற்காக முதல் சில நாட்களிலேயே போட்டு வாட்டுவதும் கூடாது, அளவுக்கு மீறிய ஆரம்பப் பயிற்சியால் கெடுதல் வந்ததாகவும் ஆய்வு இருக்கிறது.

சரி, விரல் ஒன்றுமே அசையாமல் துவண்டு கிடக்கும் நிலையில் என்ன செய்வது? எனக்குத் தெரிந்து விலைக்கும் பலனுக்கும் கணக்குப் பார்த்தால் முதலிடம் ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடிக்குத்தான். இதைக் கண்டுபிடித்தவர் நம்மூர்க்காரர் என்பது பலருக்குத் தெரியாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கை வெட்டுப்பட்ட பிறகும் இல்லாத கையில் வலிக்கிறது என்று சொன்னவர்களுக்காக 1990களில் கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் செய்தார். இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையாக மூளைக்குக் காட்டும் தந்திரம் அது. 1999இல் அவரும் சகாக்களும் ஒன்பது பக்கவாத நோயாளிகளுக்கு அதையே பயன்படுத்திப் பார்த்து எழுதினார்கள். மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் 62 ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்ட அறிக்கை, கை அசைவிலும் அன்றாட வேலைகளிலும் இதனால் முன்னேற்றம் இருக்கிறது என்றே சொன்னது. செய்முறை சுலபம். மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்து, மார்புக்கு நேர் நடுவில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, முடியாத கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட வேண்டும். நல்ல கையின் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூளை நம்பாது. நல்ல கையை மெதுவாக விரித்து மூடியபடி கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கையாலும் அதையே செய்ய முயல வேண்டும், அது அசையாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் அரை மணி நேரம் போதும். முகப்பில் சாய்த்து மாட்டியிருக்கும் அந்தக் காலத்துப் பெல்ஜியம் கண்ணாடியைக் கழற்றத் தேவையில்லை, அது பாரம் அதிகம், ரசமும் போயிருக்கும். ஒன்றரை அடிக்குத் தெளிவான கண்ணாடி ஒன்று போதும்.

மின்தூண்டல் கருவிகள் அடுத்தது. இதில் ஒரு குழப்பம் எப்போதும் நடக்கும். வலிக்கு வைக்கும் டென்ஸ் மெஷினை வாங்கி வந்து கைக்கு வைத்துவிட்டு, சுள் சுள்ளென்று இருக்கிறது, நரம்பு வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். டென்ஸ் வலியைக் குறைக்க இருக்கிறது, விரலை நீட்ட இல்லை. தசையைச் சுருங்க வைக்கும் கருவி வேறு, என்எம்இஎஸ் என்றோ மஸில் ஸ்டிமுலேட்டர் என்றோ கேட்க வேண்டும். பட்டைகளை ஒட்ட வேண்டிய இடம் முன்னங்கையின் மேற்பக்கம், அதாவது புறங்கை இருக்கும் பக்கம், ஏனென்றால் நீட்டும் தசைகள் அங்கேதான் இருக்கின்றன. முதல் தடவை பிசியோ வந்து இடம் பார்த்துப் பேனாவால் குறித்துக் கொடுத்துவிட்டால் பிறகு வீட்டில் செய்யலாம். மின்சாரம் வரும் அந்த நொடியில் நோயாளியும் "விரி" என்று மனசால் முயல வேண்டும், டிவி பார்த்துக்கொண்டு மெஷினை ஓட விட்டால் பாதிக்குமேல் வீண். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இந்த "மனசால் முயல்வது" என்பதில்தான் ரோபோ கையுறையின் கதையும் இருக்கிறது. அது முழுக்கத் தானே விரலை அசைத்துக் கொடுத்தால், மூட்டு இறுகாமல் இருக்க உதவும், துவண்ட கைக்கு அந்த வரைக்கும் சரி. கை கற்றுக்கொள்ள வேண்டுமானால் முயற்சி அந்தக் கையிலிருந்து கிளம்ப வேண்டும், மீதியைத்தான் கருவி முடித்துக் கொடுக்க வேண்டும். "அப்பச்சி, கையுறை மாட்டினீங்களா?" என்று தினமும் போனில் கேட்கும் பிள்ளைகள், மாட்டிக்கொண்டு என்ன செய்தார் என்றும் கேட்டால் நல்லது. பெரிய ரோபோக்களே இந்த விஷயத்தில் அடங்கித்தான் போயின. பிரிட்டனில் 770 பேரை வைத்து, அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான கைப்பயிற்சி ரோபோவைச் சோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சையைவிட ரோபோவால் கைச் செயல்பாட்டில் கூடுதல் பலன் இல்லை. அதற்காகக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலை பலனைச் சொல்லாது என்கிறேன், அவ்வளவுதான்.

கப்பியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கழற்றிவிடுங்கள். பக்கவாதம் வந்த தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்து, மூட்டு கீழே இறங்கியிருக்கும். நல்ல கையால் கயிற்றை இழுத்து அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கினால் எலும்பு தசைநாரை நசுக்கும். 1990இல் வந்த சின்ன ஆய்வு ஒன்றில், தலைக்குமேல் கப்பி போட்டுப் பயிற்சி செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோள்வலி வந்தது, சிகிச்சையாளர் கையால் அசைத்துக் கொடுத்தவர்களில் மிகச் சிலருக்கே வந்தது. தோள் வலித்துவிட்டால் அப்புறம் அந்தக் கையைத் தொடவே விட மாட்டார்கள், விரல் பயிற்சியும் அதோடு நின்றுபோகும். இதே காரணத்துக்காகத்தான் கட்டிலிலிருந்து தூக்கும்போது அக்குளுக்கடியில் கைகொடுத்து இழுப்பதும், முடியாத கையைப் பிடித்து எழுப்புவதும் கூடாது. இதைப் பார்க்க வரும் உறவினர்களுக்கும் சேர்த்துச் சொல்லி வையுங்கள், பாசத்தில் வந்து கையைப் பிடித்து இழுப்பவர்கள் அவர்கள்தான். சுடுதண்ணீர் ஒத்தடமும் கவனம், தொடுஉணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

ஸ்பிளிண்ட், அதாவது கையை நீட்டியபடி தாங்கி நிறுத்தும் கட்டு? இரவில் மணிக்கட்டை நீட்டிக் கட்டி வைத்தால் விரல் மடங்கி இறுகிப்போகாது என்று நெடுநாளாக நம்பினார்கள். 2007இல் ஆஸ்திரேலியாவில் 63 பேருக்கு நான்கு வாரம் அப்படிக் கட்டிப் பார்த்ததில் இறுக்கம் குறையவில்லை. உள்ளங்கையில் நகம் குத்துகிறது, வியர்வை தேங்கிப் புண்ணாகிறது என்றால் உருட்டிய துணியோ ஸ்பிளிண்ட்டோ வைத்துக்கொள்ளலாம். கையை மீட்டுத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, விரல் கொஞ்சம் விரிய ஆரம்பித்தவர்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது, இங்கே வீட்டுச் சாமான்கள்தான் ராஜா.

வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களில் ஒரு பயிற்சி அமர்வில் நோயாளி தன் கையால் உபயோகமான அசைவை எத்தனை தடவை செய்கிறார் என்று 2009இல் எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக 32. விலங்குகளில் மூளை மாறுவதைக் காட்டிய சோதனைகளில் அது ஒரு நாளைக்கு நானூறு அறுநூறு தடவை. சிகிச்சையாளர் இருக்கும் நேரம் மட்டும் போதாது, மீதி நேரம் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது. (நாள்பட்டவர்களுக்கு எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் பலன் கூடவில்லை என்று 2016இல் 85 பேரை வைத்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது, அதனால் எண்ணிக்கை ஒன்றே மந்திரம் இல்லை. செய்வது சவாலாகவும் அர்த்தமுள்ளதாகவும் இருக்க வேண்டும்.) கனடாவில் இதற்கென்றே கிராஸ்ப் என்று ஒரு பயிற்சித் திட்டம் செய்தார்கள். புத்தகமும் சில எளிய சாமான்களும் கொடுத்து, நோயாளி தானாகவோ குடும்பத்தாரோடோ நாளுக்கு ஒரு மணி நேரம் செய்ய வேண்டும், சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை பார்த்துக் கடினத்தைக் கூட்டுவார். 103 பேரிடம் சோதித்ததில், அதைச் செய்தவர்களின் கை மற்றவர்களைவிட நன்றாகத் தேறியது.

அந்தச் சாமான்களுக்குச் சமமானவை செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில் தூசியோடு கிடக்கும். இரண்டு கொட்டானை (ஓலைக் கூடையை) எடுத்து மேசையில் வையுங்கள். ஒன்றில் எலுமிச்சம்பழம் அளவுச் சாமான்களைப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து மற்றதில் விட வேண்டும், ஒரு நிமிடத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். மருத்துவமனைகளில் இதையே தடுப்பு வைத்த பெட்டியில், இரண்டரை சென்டிமீட்டர் மரக்கட்டைகளை வைத்து ஒரு நிமிடச் சோதனையாகச் செய்கிறார்கள். எடுப்பது சுலபமானதும் கொட்டானைத் தள்ளி வையுங்கள், அப்புறம் உயரத்தில் வையுங்கள், கை நீட்டியபடி விரலை விரிப்பதுதான் இன்னும் கஷ்டம். அடுத்தது பல்லாங்குழி. ஆட வேண்டும் என்றுகூட இல்லை, முதலில் குழியிலிருந்து ஒரு புளியங்கொட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்து அடுத்த குழியில் வைத்தால் போதும். அது வந்த பிறகு நிஜ ஆட்டம், உள்ளங்கையில் ஒரு பிடி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல்நுனிக்குக் கொண்டுவந்து விடுவது, அது ரொம்ப உயர்ந்த வேலை, வர மாதங்கள் ஆகலாம். எதிரில் பேத்தி உட்கார்ந்து தோற்கடித்தால் இன்னும் நல்லது, ஆச்சி விட மாட்டார். குன்றிமணி மட்டும் வேண்டாம், விதைக்குள் விஷம் இருக்கிறது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர், குழப்பத்தில் இருப்பவர் என்றால் எந்தக் கொட்டையானாலும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

கோலமாவைத் தாம்பாளத்தில் பரப்பி விரலால் கோடு இழுக்கலாம். மாக்கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு நடுவீட்டுக் கோலத்தின் கோடுகள் கைக்கு ஏற்கெனவே தெரியும், தரையில் உட்கார்ந்து செய்ய மட்டும் இப்போது விட வேண்டாம், எழும்போது விழுவார்கள். கை முறுக்குச் சுற்றுவது அருமையான விரல் வேலை, அடுப்புக்கு எட்டத்தில், வெறும் மாவில் செய்தால் போதும். தேன்குழல் அச்சை அழுத்துவதற்கு இரண்டு கையும் நல்ல பிடியும் வேண்டும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட மூன்று வேளையும் தானாக வரும் பயிற்சி சோறு. விரலை விரித்து, பிசைந்து, குவித்து, கட்டைவிரலால் தள்ளுவதற்கு இணையாக எந்தக் கடையிலும் ஒரு கருவி கிடையாது. ஆனால் நடைமுறையில் இது சிக்கலானது. வலது கை போனவருக்கு இடது கையால் சாப்பிடுவது அசிங்கம், அதுவும் பந்தியில் நாலு பேர் முன்னால் என்றால் கல்யாணத்துக்கே வர மாட்டேன் என்பார். வலது கை போனவர்களில் நிறையப் பேருக்குப் பேச்சும் சேர்ந்து போயிருக்கும், ஏனென்றால் பெரும்பாலோருக்குப் பேச்சு மையமும் வலது கையை அசைக்கும் அதே இடது மூளையில்தான். அதனால் வேண்டாம் என்பதைக்கூட வாயால் சொல்லாமல் தட்டைத் தள்ளித்தான் காட்டுவார். வீட்டில், யாரும் பார்க்காத நேரத்தில், சாப்பாட்டின் முதல் நாலு வாயை மட்டும் வலது கையால் முயலச் சொல்லலாம், மீதியை ஸ்பூனில் சாப்பிடட்டும். ஸ்பூன் காம்பில் சைக்கிள் ஹேண்டில் ரப்பரைச் செருகினால் பிடிக்கத் தடிமனாகும், தட்டுக்கடியில் ஈரத்துணி போட்டால் நகராது. இவை வேலையைச் சுலபமாக்கும் சாமான்கள், கையைப் பழக்கும் சாமான்கள் இல்லை. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றை மற்றதாக நினைத்துவிடக் கூடாது. எல்லா வேலையும் ஒற்றைக் கையாலேயே சுலபமாக முடிந்துவிட்டால் முடியாத கையை மூளை மறந்தேபோகும்.

அப்படி மறப்பதை எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் முதலில் குரங்குகளிடம் பார்த்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பை வெட்டியதும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே நிறுத்தியது, நல்ல கையைக் கட்டிப்போட்டதும் மறுபடி பயன்படுத்தியது. அதிலிருந்து வந்ததுதான் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு முடியாத கையை வேலை வாங்கும் முறை. 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வில் 222 பேர், பக்கவாதம் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மாதம் ஆனவர்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறை மாட்டிக்கொண்டு தீவிரமாகப் பயிற்சி செய்தார்கள். ஒரு வருடம் கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. இது மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நீட்ட முடிந்தவர்களுக்கு மட்டும்தான். ஒன்றும் அசையாதவருக்கு நல்ல கையையும் கட்டிப்போடுவது சித்திரவதை. தடி பிடித்து நடக்கும்போதும், மாடிப்படியிலும், குளியலறையிலும் உறை இருக்கவே கூடாது.

போட்டாக்ஸ் ஊசி இறுகிய தசையை மூன்று மாதம் போலத் தளர்த்தும், அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால்தான் காசுக்குப் பிரயோஜனம். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் பயிற்சியோடு சேர்த்துத்தான் வேலை செய்கிறது.

ஆக, பெரும்பாலான வீடுகளில் குறைவது சாமான் இல்லை, ஆள். பெரிய பெரிய வளவு வீடுகளில் இரண்டே பேர், அதில் ஒருவருக்குப் பக்கவாதம், இன்னொருவருக்கு முழங்கால் வலி, பிள்ளைகள் வெளியூரில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். அவர்கள் தினமும் வர முடியாது, வரும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் குடும்பமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து, குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்ய வைத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது, ஆறு மாதத்தில் மரணத்திலும் பிறரைச் சார்ந்திருப்பதிலும் அது வித்தியாசம் காட்டவில்லை. தெரிந்தவர் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும், வீட்டில் ஒருவர் தினமும் உட்கார வேண்டும்.

வெளியூர்ப் பிள்ளைகள் பணம் செலவழிப்பதென்றால் கையுறைக்கு முன்னால் இதற்குச் செலவழிக்கலாம்: காலையும் மாலையும் ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து கொட்டை எண்ண, பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ, மாதம் இரண்டு தடவையாவது நல்ல பிசியோ அல்லது (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும்) ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்க்காமல், மேசைமேல் கையை வைத்து விரலை விரிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஒவ்வொரு வாரமும் அதே கோணத்தில். அந்தப் பதிவுகளை வரிசையாகப் போட்டுக் காட்டினால், எதை நிறுத்துவது, எதைக் கூட்டுவது என்று பிசியோவும் உடனே சொல்லிவிடுவார்.